தட்டுக்கா, டேங்குக்கா? எத்தனால் பெட்ரோல் பற்றி வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்கில் பெட்ரோல் போடும்போதும் சரி, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும் சரி, இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இதுதான்: அரிசியைக் காய்ச்சி பெட்ரோலில் கலக்கிறார்களாமே, உண்மையா? தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும். என் கருத்தை எங்கும் மறைக்கவில்லை, அதையும் சேர்த்தே படியுங்கள்.

பங்கில் போடும் பெட்ரோலில் நிஜமாகவே சாராயம் கலந்திருக்கிறதா?

ஆமாம், ஐந்தில் ஒரு பங்கு. எத்தனால் என்பது குடிக்கும் சாராயத்தில் இருக்கும் அதே பொருள்தான், தண்ணீரை ஒட்ட நீக்கி, யாரும் குடிக்க முடியாதபடி வேறு பொருளும் சேர்த்திருப்பார்கள். 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதம் என்று ஆரம்பித்தது, பத்து வருஷத்துக்கு மேல் பேருக்குத்தான் நடந்தது. 2018இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்த பிறகு வேகம் பிடித்தது. 2022 ஜூனில் 10 சதவீதம். 20 சதவீதத்துக்கு முதலில் 2030 என்று கெடு வைத்திருந்தார்கள், அந்தக் கெடுவை 2025-26 என்று முன்கூட்டிக் கொண்டுவந்து, 2025இலேயே எட்டியும் விட்டார்கள். இ20 என்று பங்கில் ஒட்டியிருப்பது இதைத்தான்.

கலப்பு நடப்பது எண்ணெய் நிறுவனங்களின் சேமிப்பு முனையங்களில். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் பெரிய பெரிய டேங்குகள் நிற்கின்றனவே, அந்த மாதிரி இடங்களில். பங்குக்காரர் கலப்பதில்லை, அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

இந்த எத்தனால் எதிலிருந்து வருகிறது? கரும்பிலிருந்து என்றுதானே சொன்னார்கள்?

தொடக்கத்தில் அப்படித்தான். சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகு, மொலாசஸ் என்பார்கள், அதைப் புளிக்க வைத்து வடித்தார்கள். யாருடைய சாப்பாட்டிலும் கை வைக்காத வேலை அது. ஆனால் மொலாசஸை வைத்து 20 சதவீதம் போக முடியாது. அதனால் கரும்புச்சாற்றையே நேராக எடுத்தார்கள், அப்புறம் குருணை, சேதமான தானியம், இந்திய உணவுக் கழகக் கிடங்கு அரிசி, கடைசியில் மக்காச்சோளம். 2023-24இலிருந்து கரும்பைத் தானியம் முந்திவிட்டது, அந்தத் தானியத்திலும் பெரும்பங்கு மக்காச்சோளம்.

நடுவில் 2023 டிசம்பரில் சர்க்கரை போதாது என்ற பயத்தில் கரும்புச்சாற்றை எத்தனாலுக்கு எடுக்கவே கூடாது என்று தடை போட்டார்கள், பத்து நாளுக்குள் தளர்த்தினார்கள், 2024 ஆகஸ்டில் முழுவதும் நீக்கினார்கள். சாப்பாடும் எரிபொருளும் ஒரே வயலுக்கு அடித்துக்கொள்கின்றன என்பதை அரசே தன் உத்தரவுகளால் ஒப்புக்கொண்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது.

ஒரு டேங்க் பெட்ரோலுக்கு எவ்வளவு அரிசி போகும்?

ஒரு டன் அரிசியில் ஏறக்குறைய 450 லிட்டர் எத்தனால் வரும், மக்காச்சோளத்தில் 380 லிட்டர். 40 லிட்டர் பிடிக்கும் கார் டேங்கை நிரப்பினால் அதில் 8 லிட்டர் எத்தனால். அது முழுக்க அரிசியிலிருந்து வந்ததென்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 18 கிலோ. முன்னுரிமை இல்லாத சாதாரண அரிசி அட்டைக்கு ஒரு மாதத்துக்கு அதிகபட்சம் 20 கிலோ இலவச அரிசி வருகிறதே, அதை நினைத்துப் பாருங்கள். பைக்கில் 10 லிட்டர் போட்டால் நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

எல்லா எத்தனாலும் அரிசியிலிருந்து வருவதில்லை, அதனால் யாராவது உங்களிடம் "ஒவ்வொரு டேங்கிலும் 18 கிலோ அரிசி எரிகிறது" என்றால் அது மிகை. ஆனால் கணக்கின் அளவு புரிய வேண்டும். எரிபொருளுக்குத் தேவைப்படும் அளவு மனிதன் சாப்பிடும் அளவை விடப் பல மடங்கு, அதற்கு வயிறு நிறைந்தது என்ற நிலையே கிடையாது.

அப்படியானால் நம் ரேஷன் அரிசி நின்றுவிடுமா?

நின்றுவிடாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாருக்கும் பொது, 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம், உணவுப் பாதுகாப்புச் சட்டம் பின்னால் நிற்கிறது, எந்த அரசும் அதில் கை வைக்கத் துணியாது. எங்கள் வீட்டில் இட்லிக்கு ரேஷன் புழுங்கல்தான், நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்தால் மல்லிகைப்பூ மாதிரி வரும். அந்த அரிசி நாளைக்கும் வரும்.

அடி வேறு இடத்தில் விழுகிறது. அரிசியைத் தவிர தட்டில் இருக்கும் மற்றதெல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்குவது. முட்டை, கோழி, எண்ணெய். அந்த மூன்றும் எத்தனாலோடும், சமையல் எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசலோடும் ஒரே சந்தையில் மல்லுக்கட்டுகின்றன. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முட்டைக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?

மக்காச்சோளம்தான் சம்பந்தம். நாமக்கல் பண்ணையில் முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் அளவுக்குத் தீவனம் தின்னும், அதில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். முட்டை உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடும். ஆக சோளம் விலை ஏறினால் பண்ணைக்காரர் தாங்க முடியாது, சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார், அப்புறம் விலையை ஏற்றுவார், முடியாதவர் கோழியைக் குறைப்பார்.

மேலே சொன்ன அதே கார் டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 8 லிட்டர் எத்தனாலுக்கு 21 கிலோ மக்காச்சோளம். முந்நூறு முட்டைக்குக் குறையாமல் அந்தச் சோளத்தில் கிடைத்திருக்கும். எத்தனால் எடுத்த பிறகு சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சக்கையாக மிஞ்சித் தீவனமாகத் திரும்பி வருகிறது, அதையும் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் இருநூறு முட்டை.

2023-24க்கு எண்ணெய் நிறுவனங்கள் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71.86 ரூபாய் என்று விலை நிர்ணயித்தன, எத்தனால் வகைகளிலேயே அதுதான் உச்சம். ஆலைகள் சோளத்தின் பின்னால் ஓடின. பல லட்சம் டன் சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. கோழிப்பண்ணைக்காரர்கள் வரியில்லாமல் இறக்குமதி செய்ய விடுங்கள் என்று டெல்லிக்கு மனு மேல் மனு கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது அரசு சொன்ன காரணங்களிலேயே கோழித்தீவனமும் எத்தனாலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

நம் பகுதியில் முட்டை என்றால் என்ன? கறி எடுக்க முடியாத நாளில் முட்டைத் தொக்கு. ராத்திரி வேலை முடிந்து வருபவருக்குக் கையேந்திபவனில் ஒரு கரண்டி ஆம்லெட். பள்ளிக்கூடத்தில் சத்துணவில் பிள்ளைக்கு ஒரு முட்டை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. சோறு போதாமல் வந்த குறை என்று இதைச் சொல்ல முடியாது, சோறு இருக்கிறது. சோற்றோடு சேர வேண்டியது சேரவில்லை. முட்டை ஒரு ரூபாய் ஏறினால் அண்ணா நகரில் யாரும் முட்டையை நிறுத்த மாட்டார்கள். கொருக்குப்பேட்டையில் ஆறு முட்டை வாங்கும் வீடு நாலு வாங்கும், அந்த நாலும் யார் தட்டுக்குப் போகும், யார் தட்டுக்குப் போகாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, அம்மாக்கள் கடைசியில்தான் சாப்பிடுகிறார்கள்.

பாமாயில் விலை ஏறியதற்கும் இதுதான் காரணமா?

ஒரு காரணம். உலகத்துப் பாமாயிலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. அந்த நாடு தன் டீசலில் பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசலைக் கலக்கிறது, முதலில் 30 சதவீதம், பிறகு 35, 2025இலிருந்து 40. அவர்கள் வண்டியில் ஊற்ற ஊற்ற நமக்கு வருவது குறைகிறது, விலை ஏறுகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் அங்கே உள்ளூரில் விலை ஏறியதால் ஏற்றுமதியையே நிறுத்தினார்கள், மே 23 வரை. அந்த சமயத்தில் இங்கே எண்ணெய் பாக்கெட் விலை என்ன ஆட்டம் ஆடியது என்று மளிகைக் கடைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

நாம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். ரேஷனில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறதென்றால் மீதியைத் தமிழ்நாடு அரசு போட்டுக்கொள்கிறது. ஜகார்த்தாவில் ஒரு சதவீதம் கூட்டினால் இங்கே அரசுக்கு அந்தச் செலவு கூடுகிறது, ரேஷன் பாக்கெட் தீர்ந்த பிறகு கடையில் வாங்கும் நமக்கும் கூடுகிறது.

கிடங்கில் அரிசி மலை மாதிரி குவிந்து புழுத்துப் போகிறதே, அதை எரிபொருளாக்கினால் என்ன தப்பு?

இதுதான் எத்தனால் பக்கம் பேசுபவர்களின் வலுவான வாதம். இருப்பு நிஜமாகவே அதிகம். விதிப்படி ஜூலை 1ஆம் தேதி மத்தியத் தொகுப்பில் 135 லட்சம் டன் அரிசி இருந்தால் போதும், 2025இல் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது. வைத்துக்கொள்ளவும் செலவு, கெட்டுப்போனால் முழு நஷ்டம். பூஞ்சை பிடித்து மனிதன் சாப்பிட முடியாமல் போன அரிசியை ஆலைக்குக் கொடுங்கள், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

ஆனால் கொடுப்பது நல்ல அரிசி. 2024-25க்கு எத்தனாலுக்கென்று ஒதுக்கியது 52 லட்சம் டன், தமிழ்நாட்டு ரேஷன் கடைகள் முழுக்க ஓராண்டில் வினியோகிக்கும் அரிசியை விட அதிகம். விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. கொள்முதல், சாக்கு, லாரி, கிடங்கு, வட்டி எல்லாம் சேர்த்து அரசுக்கு அந்தக் கிலோவுக்கு ஆவது 40 ரூபாய் சுமாருக்கு. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு இரண்டே கால் கிலோ அரிசி வேண்டும், கணக்குப் போட்டால் லிட்டருக்கு 35 ரூபாய்க்கு மேல் உணவு மானியப் பணம் பெட்ரோல் டேங்குக்குள் போகிறது. சோற்றுக்கென்று மக்கள் கட்டிய வரி அது.

உபரி என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2023 ஜூனில் கர்நாடகத்தில் புதிதாக வந்த அரசு ஆளுக்கு 5 கிலோ கூடுதல் அரிசி கொடுக்க, கிலோ 34 ரூபாய் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம் என்று உணவுக் கழகத்திடம் கேட்டது. மாநில அரசுகளுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதை மத்திய அரசு அந்த மாதமே நிறுத்தியது. விலைவாசி, பருவமழை என்று காரணம் சொன்னார்கள். எத்தனால் ஆலைக்கோ கிலோ 20 ரூபாய்க்கு அரிசி போய்க்கொண்டே இருந்தது, அடுத்த மாதம்தான் அதையும் நிறுத்தினார்கள். கர்நாடகம் அரிசிக்குப் பதிலாக ஆளுக்கு மாதம் 170 ரூபாய் பணமாகக் கொடுத்தது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அதுதான். 2025இல்தான் மாநிலங்களுக்கும் ஆலைக்கும் ஒரே விலை என்று வந்தது. பசியோடு இருப்பவனும் ஆலை முதலாளியும் ஒரே விலைக்கு வாங்கலாம் என்பதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நம்ம ஆட்களே ரேஷன் அரிசியை விற்றுவிடுகிறார்கள், ரயிலில் ஆந்திராவுக்குக் கடத்துகிறார்கள். அவர்களுக்கு வேண்டாத அரிசிதானே?

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறதென்று புரிகிறது. கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் ரயிலில் சீட்டுக்கு அடியில் சிறு சிறு மூட்டைகள் பிடிபடுவது அவ்வப்போது செய்தியில் வருவதுதான். ஆனால் கடத்தப்படும் அரிசியும் யாரோ ஒருவர் வயிற்றுக்கோ கோழி, மாட்டுத் தீவனத்துக்கோதான் போகிறது. வாங்கிய அரிசியைச் சிலர் விற்பதற்கு அதன் தரமும் ஒரு காரணம், கையில் பணம் இல்லாததும் ஒரு காரணம். தரத்தைச் சரிசெய்யுங்கள், அரிசி வேண்டாமென்பவருக்குக் கேழ்வரகோ கூடுதல் பருப்போ கொடுங்கள். ஏழை ஒருவர் தன் பங்கை விற்றார் என்பது நாட்டின் அரிசியை எரிக்க அனுமதிச் சீட்டு ஆகாது.

விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கிறதே? அதைக் கெடுக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டவர்களுக்கு 2024இல் நல்ல விலை கிடைத்தது, அது நிஜம், அவர்கள் படைப்புழுவோடு போராடிப் பட்ட பாட்டுக்கு அந்த விலை நியாயம். சர்க்கரை ஆலைகள் எத்தனால் பணத்தில் கரும்பு பாக்கியைக் கொஞ்சமாவது தீர்த்தன, அதுவும் நிஜம்.

ஆனால் அந்த விலை நிற்குமா? 2025 கடைசியில் கர்நாடகத்தில் என்ன ஆனது பாருங்கள். எத்தனாலை நம்பி எல்லாரும் சோளம் போட்டார்கள், விளைச்சல் கொட்டியது, ஆதரவு விலை குவிண்டால் 2,400 ரூபாய், சந்தையில் 2,000கூடக் கிடைக்கவில்லை, விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். அரசுக் கிடங்கிலிருந்து மலிவாக அரிசி கிடைத்தால் ஆலை ஏன் சோளத்துக்கு வரிந்து கட்டிக்கொண்டு வரப்போகிறது? சோயா விவசாயிக்கும் அடி. எத்தனால் சக்கை மலிவான தீவனமாகக் குவிந்ததும் சோயாப் புண்ணாக்குக்கு மதிப்பு போனது, 2024-25இல் சோயாவுக்கு ஆதரவு விலை 4,892 ரூபாய், சந்தை அதைத் தொடவில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் காட்டாமணக்கு நினைவிருக்க வேண்டும். 2003இல் மத்தியத் திட்டக்குழு பரிந்துரைத்தது, தரிசு நிலத்தில் தானாக வளரும், கொட்டையில் டீசல் வரும் என்று ஊர் ஊராகப் பேசினார்கள், 2009 கொள்கையில் 2017க்குள் 20 சதவீதம் என்று எழுதினார்கள். தண்ணீர் இல்லாமல் காய் பிடிக்கவில்லை, பிடித்த காயை வாங்க ஆள் இல்லை, விஷக்கொட்டை என்பதால் ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடப் போட முடியவில்லை. கொள்கை எழுதியவர்களுக்கு அடுத்த கொள்கை கிடைத்தது. செடி வைத்தவர் செலவு அவர் தலையில் விடிந்தது.

வேறு நாடுகளில் இந்தப் பிரச்சினை வந்ததா?

2007-08இல் பெரிதாகவே வந்தது. அமெரிக்கா சட்டம் போட்டு மக்காச்சோளத்தை எத்தனாலுக்குத் திருப்பியது, 2007 ஜனவரியில் மெக்சிகோவில் சோள ரொட்டி விலைக்காக மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த வருஷம் அக்டோபரில் உணவு உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஜான் சிக்லர் உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றார். விலையேற்றத்தில் உயிரி எரிபொருளின் பங்கு எவ்வளவு என்பதில் பெரிய சண்டை நடந்தது. உலக வங்கியின் பொருளாதார அறிஞர் டொனால்டு மிட்செல் உயிரி எரிபொருளும் அதன் பின்விளைவுகளும் சேர்ந்து 70 முதல் 75 சதவீதம் என்றார், அமெரிக்க வேளாண் துறையோ 3 சதவீதத்துக்குள் என்றது. உண்மை நடுவில் எங்கோ இருக்கலாம். கச்சா எண்ணெய் விலை, டாலர், வறட்சி, ஏற்றுமதித் தடைகள் எல்லாம் கூடவே இருந்தன. ஆனால் குற்றம் என்று ஐ.நா. அறிக்கையாளர் ஒருவர் சொல்லும் அளவுக்குப் போன விஷயத்தை நாம் பேசாமலே தாண்டிவிட முடியாது. அமெரிக்காவில் இன்றும் ஏறக்குறைய 40 சதவீத மக்காச்சோளம் எத்தனாலுக்குத்தான் போகிறது.

பிரேசில் 1975இலிருந்து கரும்பு எத்தனால் ஓட்டுகிறது, அங்கே இந்த அளவு இடிக்கவில்லை. நிலமும் மழையும் ஏராளம், ஆள் குறைவு. அந்த உதாரணத்தை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது.

சரி, பெட்ரோல் மட்டும் என்ன சுத்தமா? மணலியில் இருந்துகொண்டு பெட்ரோலுக்கு வக்காலத்து வாங்கலாமா?

வாங்க மாட்டேன். மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969இலிருந்து ஓடுகிறது, அதன் புகையில் வளர்ந்தவர்கள் நாம். 2013இல் தண்டையார்பேட்டையில் குழாய் கசிந்து நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது, அடிபம்பில் அடித்தால் பெட்ரோல் வாடை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கடற்கரை முழுக்கக் கறுப்புப் படலம், அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம் மீனவர்களின் படகு, வலை எல்லாம் பிசுபிசுப்பாகி, அந்த வலையை மறுபடி தண்ணீரில் போட முடியவில்லை, பிடித்த மீனை எண்ணூர் மீன் என்று சொன்னால் வாங்க ஆளில்லை. கச்சா எண்ணெய் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நாடு தன் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது, எத்தனாலால் 2014-15இலிருந்து 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்று அரசு சொல்கிறது. பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மின்சார பஸ், மெட்ரோ, நடக்க ஒழுங்கான நடைபாதை என்று வழி நிறைய இருக்கும்போது குழந்தையின் முட்டையை ஏன் முதலில் எடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

எத்தனால் மலிவு என்றால் பெட்ரோல் விலை ஏன் குறையவில்லை? மைலேஜ் வேறு குறைகிறதே?

எத்தனால் இப்போது மலிவே இல்லை. 2024-25இல் எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த சராசரி விலை லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேல், சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கவிலையை விட அது அதிகம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. லிட்டருக்குக் கிடைக்கும் சக்தியோ பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கைப்படி, சுத்த பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த வண்டியில் இ20 போட்டால் காருக்கு 6-7 சதவீதம், இரு சக்கர வண்டிக்கு 3-4 சதவீதம் மைலேஜ் குறையும். இதை ஈடுகட்ட வரிச்சலுகை கொடுக்கலாம் என்று அதே அறிக்கை சொன்னது. அது வரவில்லை. கலப்பில்லாத பெட்ரோலும் வாங்கக் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

தண்ணீர்?

அதே நிதி ஆயோக் அறிக்கையில் இருக்கிறது: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 190 குடம். 2019இல் புழல் ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்த ஊர்க்காரர்களிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டைத் தொடாத உயிரி எரிபொருள் இருக்கிறதா?

இருக்கிறது, நான் கேட்பதும் அதைத்தான். வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை பானிபட்டில் 2022 ஆகஸ்டில் திறந்தது, வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் என்பது அதன் திட்டம். செலவு அதிகம், பெரிய அளவில் இன்னும் பரவவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இருப்பது இரண்டு. ஒன்று குப்பை. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போகும் மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்தால் அதிலிருந்து பயோ சிஎன்ஜி வாயு எடுக்கலாம், பஸ் ஓட்டலாம். கலந்த குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வேறு விஷயம், அதை எதிர்த்து நம் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள், அவர்கள் நின்றது சரி. இரண்டையும் குழப்பக் கூடாது.

இன்னொன்று பொரித்த எண்ணெய். காசிமேட்டில் சாயங்காலம் மீன் வறுக்கும் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மசாலா தடவிய சங்கரா, நெத்திலி ஒவ்வொரு ஈடாக விழ விழ மசாலா உதிர்ந்து அடியில் கருகும், எண்ணெய் முதலில் சிவக்கும், பிறகு டிகாக்ஷன் நிறத்துக்கு வரும், நுரை கட்ட ஆரம்பிக்கும், புகை கண்ணைக் கரிக்கும். பலர் ராத்திரி அதை வடிகட்டி மறுநாள் புது எண்ணெயோடு சேர்க்கிறார்கள். பெரிய ஓட்டலில் மிஞ்சும் எண்ணெய் டின்னில் மலிவாகக் கைமாறிச் சின்னக் கடைக்கு வருவதும் உண்டு. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன், எண்ணெய் விற்கும் விலைக்கு அவர் என்ன செய்வார்?

கெட்டுப்போன கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி இருக்கிறது. அந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டத்தையும் அடுத்த மாதமே தொடங்கினார்கள். மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் எண்ணெய் பயோடீசலாகவும் கிளிசரினாகவும் பிரியும், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வயிற்றுக்கு ஆகாததை வண்டிக்குக் கொடுக்கும் இந்த வேலை ஏன் நொண்டுகிறதென்றால், சின்னக் கடைகளுக்கு டின் எடுக்க ஆள் வருவதில்லை, வந்தாலும் கள்ளச் சந்தைக்காரர் தரும் விலையைத் தருவதில்லை. டீசலில் 2030க்குள் 5 சதவீதம் என்பது இலக்கு, இன்னும் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. எத்தனால் ஆலைக்கு அரிசியில் கொடுக்கும் சலுகையில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பி, பஜ்ஜிக் கடைக்காரருக்குப் பழைய எண்ணெய்க்கு நல்ல விலை கொடுத்தால் இரண்டு நோய் ஒரே மருந்தில் தீரும்.

சுருக்கமாக, நீங்கள் என்னதான் வேண்டும் என்கிறீர்கள்?

மனிதன் சாப்பிடும் நிலையில் இருக்கும் அரிசி ஆலைக்குப் போகக் கூடாது. மக்காச்சோளம் போகலாம், ஆனால் தீவன விலை ஒரு அளவைத் தாண்டினால் எத்தனால் ஒதுக்கீடு தானாகக் குறையும்படி விதி வேண்டும், 2023இல் சர்க்கரைக்குச் செய்தார்களே, முட்டைக்கும் செய்யட்டும். இருபதைத் தாண்டி இருபத்தேழு, முப்பது என்ற பேச்சை நிறுத்த வேண்டும். கிடங்கில் நிஜமாகவே உபரி என்றால் முதலில் மாநிலங்களைக் கேளுங்கள்.

மழையில் வண்டி முழுகிவிட்டது. இ20 என்பதால் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்குக்குள் தண்ணீர் அதிகமாகப் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும், இன்ஜினுக்கு முதலில் போவது அதுதான். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்தில் வண்டி சீட் அளவுக்கு முழுகியிருந்தால் கிக்கரை உதைத்துப் பார்க்காதீர்கள், செல்ஃப் போடாதீர்கள். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் டேங்கை முழுவதும் வடித்துக் கழுவச் சொல்லுங்கள். பழைய வண்டி என்றால் ரப்பர் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் நிறுத்துவதானால் டேங்கை அரைகுறையாக விடாமல் நிரப்பி வையுங்கள், ஈரக்காற்று உள்ளே தங்க இடம் இருக்காது.

வீட்டில் மிஞ்சும் எண்ணெயை யாரிடம் கொடுப்பது?

நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை, வாங்க வருபவர்கள் டின் கணக்கில்தான் எடுப்பார்கள். அடுக்குமாடியிலோ தெருவிலோ பத்து வீடு சேர்ந்து ஒரு கேனில் சேர்த்து வைத்தால் கூப்பிட்டுக் கொடுக்கலாம். அதுவரை சாக்கடையில் ஊற்றாதீர்கள், குளிர்ந்ததும் உறைந்து அடைத்துக்கொள்ளும். தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயைத் தாளிக்க வைத்துக்கொள்பவர்கள் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மறுபடி பொரிக்க வேண்டாம்.